உருவக அணி

மூன்றாவது ஷிஃப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸிலிருந்து வரும் தொழிற்சாலை பஸ்
என்னை லெபோ ஆச்சே முனையில் இறக்கிவிடும்.
மாடியறை. மாதம் நானூற்றைம்பது வெள்ளி.
சுவருக்கும் விசிறிக்கும்தான் வாடகை,
தரை இனாம் என்று நினைத்துக்கொள்வேன்:
பழைய பூக்கல், ஒவ்வொன்றும் ஒரு சாண்,
பச்சையும் செங்காவியும்.
ஒன்று பெயர்ந்து கிடக்கிறது.

அதை எடுத்துக் கால் சுற்று திருப்பி
மறுபடி குழியில் வைத்தேன்.
திருப்பியது யாருக்கும் தெரியாது. கல்லுக்கே தெரியாது.
இப்படி ஏமாற்ற நாலு வழி.
கண்ணாடியில் காட்டினால் இன்னும் நாலு.
சும்மா வைப்பதும் அதில் ஒன்று.

எட்டும் சேர்ந்தால் குலம் என்கிறது பாடம்.
முதல் பக்கத்திலேயே வயிற்றைப் பிசைந்தது.
சுங்கை பாக்காப் வீட்டு ஹாலில்
பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட சொல்லல்லவா!
இங்கே அது கேட்பது வேறு:
இரண்டை அடுத்தடுத்துச் செய்தால்
விடை வெளியே போய்விடக் கூடாது.
செய்ததை அவிழ்க்க வழி வேண்டும்.
சும்மா இருப்பதற்கும் ஓர் இடம்.
சீதனம் பற்றிக் கேள்வி இல்லை.

சரி, சுற்றுவது ஒரு செயல்.
செயலைத் தாளில் எப்படி வைப்பது?
அதன் இடத்தில் எண்களை நிறுத்து.
கால் சுற்றுக்கு,
      பூஜ்யம், கழித்தல் ஒன்று,
      ஒன்று, பூஜ்யம்.
இந்தக் கட்டத்துக்கு நம் மொழியில் அணி என்று பெயர்.
முகநிலா என்று எழுதியபோதும்
அணி என்றுதான் மதிப்பெண் போட்டார்கள்.
உவமைக்கு ஒரு 'போல' வேண்டும்.
இதில் போல இல்லை.
சுற்றைச் சுற்றால் தொடர்ந்தாலும்
அணியை அணியால் பெருக்கினாலும்
போய்ச் சேரும் இடம் ஒன்று.

மூலைக்கு மூலை நிற்பவற்றைக் கூட்டினால் சுவடு.
கால் சுற்றுக்குப் பூஜ்யம்.
அரைச் சுற்றுக்குக் கழித்தல் இரண்டு.
சும்மா வைத்த கல்லுக்கு இரண்டு. எட்டில் அதுதான் பெரியது.
(ஞாயிறுகளில் படுத்துக் கிடப்பதற்கு
இனி யாரிடமும் சாக்குச் சொல்ல மாட்டேன்.)
அச்சுகளைச் சாய்த்துப் பிடித்தால்
உள்ளே எண்கள் எல்லாம் மாறும்; சுவடு மாறாது.
சம்பளச் சீட்டில் நான் எலிலரசி.
சியூ ஹூனுக்கு ஆ-எல்.
திரும்பிப் பார்க்கிறவள் ஒருத்திதான்.

போன செவ்வாய், குளிர்நீர் அறை, நான்காம் பம்ப்.
ஹஃபீசுடின் காது வைத்துக் கேட்டு
ஓகே லா, என்றான்.
எனக்கும் வெறும் இரைச்சல்தான்.
சென்சரை ஒட்டி, இரைச்சலைத் திரையில் பிரித்தேன்.
பிரித்துப் பிரித்துக் கடைசியில் மிஞ்சுபவை
நேரத்தை நகர்த்தினாலும் வடிவம் கெடாத அலைகள்;
ஓர் எண்ணால் பெருகுமே தவிர
வேறொன்றாக ஆகாதவை.
வினாடிக்கு இருபத்தைந்து: அச்சு.
ஐம்பது, எழுபத்தைந்து: அதன் குட்டிகள்.
எண்பத்தெட்டில் ஒரு முள்.
அது எவர் குட்டியும் அல்ல.

கழற்றினார்கள். பேரிங்கின் வெளிவளையத்தில்
நகக்கீறல் அளவு பள்ளம்.
ஹஃபீசுடின் விரலால் தடவிப் பார்த்தான்.
பேசவில்லை. தே தாரேக் வாங்கிக் கொடுத்தான்.

கல்லுக்கு வருகிறேன்.
அந்தக் குலத்தையும் பிரித்தாயிற்று:
நாலு ஒற்றை, ஓர் இரட்டை.
ஒன்றின் வர்க்கம் நாலு தடவை, இரண்டின் வர்க்கம் ஒரு தடவை,
ஆக எட்டு. ஒரு காசு குறையவில்லை.
இரட்டையை மட்டும் உடைக்க முடியுமா என்று
விடிந்த பிறகும் உட்கார்ந்து பார்த்தேன்.
உடைய வேண்டுமானால்
எட்டும் தொட்டாலும் இடம்மாறாத ஒரு கோடு வேண்டும்.
எந்தக் கோட்டைப் போட்டாலும்
கால் சுற்று அதைத் தள்ளிவிடுகிறது.

சிமெண்ட் இன்னும் வாங்கவில்லை.
தூங்கப் போகும் முன்
ஒரு தடவை திருப்பி வைக்கிறேன்.